குழந்தைகளின் குரலில் ஒரு பெருநாள்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கேட்ட மாத்திரத்தில் விளையாட்டாகத் தோன்றலாம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் திருநாளை ஒட்டித் தொலைக்காட்சியில் காட்டப்பெறும் கார்ட்டூன் படங்களைப் பற்றியே பேசப்போகிறேன். 'படித்து அறிய வேண்டிய நூல்கள் எத்தனையோ இருக்க, கார்ட்டூனைப் பற்றியா வானொலியில் ஒரு பேச்சு?' என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது இயல்பே. ஆயினும் ஒன்றைக் கருதுங்கள். ஒரு சமூகம் தன் குழந்தைகளுக்குப் பெருநாளன்று எந்தக் கதையைச் சொல்கிறது என்பதைப் பார்த்தால், அது எதை உயர்வாகக் கருதுகிறது, எதை மறைக்க விரும்புகிறது என்ற இரண்டும் விளங்கிவிடும். ஆதலின் இப்பொருளைச் சிறிதென்று தள்ள இயலாது.

முதலில் இப்படங்கள் எத்தகையவை என்று சொல்லிவிடுகிறேன். வாரந்தோறும் வரும் தொடரில் ஒரு பகுதியாக அமையாமல், ஒரு பண்டிகைக்கென்றே தனியாக ஆக்கப்பெறும் படத்தை அவர்கள் சிறப்புப் படம் என்பார்கள். அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ அது நடைபெறும். ஒரு முறை காட்டியதோடு அதன் வாழ்வு முடிவதில்லை. நல்ல படமாயின், அடுத்த டிசம்பரிலும் அதற்கடுத்த டிசம்பரிலும் அது திரும்பி வரும். தந்தை சிறுவனாக இருந்தபோது பார்த்த படத்தை மகனும், பின்னர்ப் பேரனும் பார்ப்பார்கள். மார்கழி பிறந்தால் திருப்பாவை ஒலிக்கும் என்று நாம் எதிர்பார்ப்பது போல, அங்கே டிசம்பர் பிறந்தால் இன்ன இன்ன படங்கள் வரும் என்று இல்லத்தார் எதிர்பார்க்கிறார்கள்.

இப்படங்களில் பல, மக்கள் முன்பே நன்கு அறிந்த கார்ட்டூன் தொடர்களின் பாத்திரங்களைக் கொண்டவை. இதற்குக் காரணம் யாது? நம் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். திரௌபதி யார், துச்சாதனன் யார் என்று கூத்துப் பார்க்க அமர்ந்திருக்கும் எவருக்கும் சொல்ல வேண்டுவதில்லை. திரைக்குப் பின்னால் சலங்கை ஒலித்தவுடனே, வருபவன் யார், அவன் குணம் என்ன என்று பாயில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும், அவள் மடியில் படுத்திருக்கும் பேரனுக்கும் தெரியும். அறிமுகத்துக்கு நேரம் செலவாகாததால் கூத்து நேரே கதையின் நெஞ்சுக்குச் சென்றுவிடுகிறது. அரைமணி நேரமே கிடைக்கும் சிறப்புப் படத்துக்கும் இந்த வசதி பெரிது. தெரிந்த முகங்கள் பண்டிகை நாளில் என்ன செய்கின்றன என்பதே கதையாகிவிடுகிறது.

தொலைக்காட்சிக்கென்றே ஆக்கப்பெற்ற முதல் கிறிஸ்துமஸ் கார்ட்டூன் சிறப்புப் படம் என்று பொதுவாகக் குறிப்பிடப்பெறுவது, 1962-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய மிஸ்டர் மகூவின் படமாகும். மகூ என்பவர் கண்பார்வை மிகவும் மங்கிய ஒரு முதியவர். சாலையை வீடென்றும் கரடியை மனிதனென்றும் எண்ணிக்கொண்டு நடப்பார். ஆனால் தமக்குப் பார்வைக் குறை உண்டு என்பதை ஒருபோதும் ஒப்பமாட்டார். 1949 முதல் திரையரங்குகளில் குறும்படங்களாக வந்து புகழ்பெற்றவர். அவர் நாடக மேடையில் ஏறி, ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையின் தலைவனாகிய ஸ்குரூஜ் என்னும் கஞ்சனாக நடிப்பதாகப் படம் அமைந்தது. பணத்தைத் தவிர வேறொன்றையும் காண மறுக்கும் கஞ்சனாக, கண்ணெதிரே இருப்பதும் தெரியாத மகூவை நடிக்கவைத்தது எவ்வளவு பொருத்தம்! பழைய பாத்திரமும் பழைய கதையும் சேர்ந்தபோது புதிய பொருள் ஒன்று பிறந்தது.

அந்தப் படம் வழி திறந்தது. 1964-இல், சிவந்த மூக்குடைய ருடால்ப் என்னும் கலைமானின் கதை பொம்மைகளைக் கொண்டு படமாக்கப்பெற்றது. பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம் எடுத்து, மீண்டும் நகர்த்தி மற்றொரு படம் எடுக்கும் பொறுமையான வேலை அது. அந்த வேலையைச் செய்தவர்கள் அமெரிக்கர் அல்லர். டோக்கியோ நகரத்தில் இருந்த ஜப்பானியக் கலைஞர்கள். அமெரிக்கக் குழந்தைகள் தங்கள் பண்டிகைப் படம் என்று போற்றிய ஒன்றைக் கீழ்த்திசைக் கைகளே உருவாக்கின என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இனி இந்தப் பேச்சின் நடுநாயகமான படத்துக்கு வருகிறேன். சார்லஸ் ஷுல்ஸ் என்னும் ஓவியர் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 'பீனட்ஸ்' என்னும் சித்திரத் தொடரை 7 செய்தித்தாள்களில் தொடங்கினார். அதில் வருபவர்கள் எல்லாரும் குழந்தைகள். பெரியவர் எவரும் தலைகாட்டுவதில்லை. கதைத் தலைவன் சார்லி பிரவுன். அவன் பட்டம் விட்டால் மரத்தில் சிக்கும். பந்தாட்டத்தில் தலைமை ஏற்றால் தோல்வி நிச்சயம். வாழ்த்து அட்டை வருமா என்று அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்ப்பான், ஒன்றும் இராது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருவனைக் கதைத் தலைவனாக்கிய ஓவியரின் துணிவு பெரிது. அந்தத் துணிவை உலகம் ஏற்றது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஷுல்ஸ் அத்தொடரை வரைந்தார். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய கடைசி ஞாயிற்றுக்கிழமைச் சித்திரம் மறுநாள் செய்தித்தாள்களில் வெளியாயிற்று.

1965-இல், கொக்கோ-கோலா நிறுவனம் பொருளுதவி செய்ய, சார்லி பிரவுனைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் படம் எடுக்க முடிவாயிற்று. தயாரிப்பாளர் லீ மெண்டல்சன். இயக்குநர் பில் மெலண்டெஸ். மெலண்டெஸ் மெக்சிகோ நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். காலமோ சில மாதங்களே இருந்தது. கதை எளியது. எல்லாரும் மகிழும் பண்டிகையில் சார்லி பிரவுனுக்கு மட்டும் மகிழ்ச்சி வரவில்லை. எங்கு நோக்கினும் விலைப்பட்டியலும் மின்விளக்கும் பரிசுப் போட்டியுமாக இருக்கின்றன. பள்ளி நாடகத்தை நடத்தும் பொறுப்பு அவனிடம் வருகிறது. மேடைக்குப் பளபளக்கும் பெரிய அலுமினிய மரம் வாங்கிவரச் சொல்லி நண்பர்கள் அனுப்புகிறார்கள். அவனோ கடையில் எவரும் சீண்டாத, இலையுதிர்ந்து நலிந்த ஒரு சிறு மரத்தை எடுத்துவருகிறான். எல்லாரும் நகைக்கிறார்கள். 'இந்தத் திருநாளின் பொருள் என்ன என்று யாருக்காவது தெரியுமா?' என்று அவன் மனம் நொந்து கேட்கிறான். போர்வையை எப்போதும் கையில் பற்றியிருக்கும் லைனஸ் என்னும் சிறுவன் மேடைக்கு வந்து, லூக்கா எழுதிய நற்செய்தியிலிருந்து இயேசு பிறந்த வரலாற்றை அமைதியாகச் சொல்கிறான்.

அப்படத்தை ஆக்கியவர்களுக்கும் தொலைக்காட்சி நிறுவனத்தார்க்கும் கருத்து வேறுபட்ட இடங்கள் சில உண்டு. அவற்றை நீங்கள் அறிவது நலம். ஏனெனில் நான் சொல்ல வந்த செய்தி அவற்றில்தான் இருக்கிறது.

முதலாவது, குரல். அந்நாளில் கார்ட்டூன் குழந்தைகளுக்குப் பெரியவர்களே குரலைச் சிறிதாக்கிப் பேசுவது வழக்கம். இப்படத்திலோ உண்மையான குழந்தைகளே பேசினார்கள். தங்கை சாலிக்குப் பேசிய சிறுமிக்கு அப்போது படிக்கவும் தெரியாது. ஒவ்வொரு சொற்றொடராகச் சொல்லிக்கொடுத்து, அவள் திருப்பிச் சொன்னதைப் பதிவு செய்து, பின்னர் ஒட்டிச் சேர்த்தார்கள். ஆதலால் அக்குரலில் சிறு தடுக்கலும் தயக்கமும் உண்டு. அந்தத் தயக்கமே அதன் அழகு.

இரண்டாவது, சிரிப்பு. அக்காலத்து நகைச்சுவை நிகழ்ச்சிகளில், பார்ப்பவர் எங்கே சிரிக்க வேண்டும் என்று உணர்த்துவதற்காக முன்பே பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்ப்பார்கள். ஷுல்ஸ் அதை அடியோடு மறுத்துவிட்டார். பார்ப்பவர் சிரிக்க வேண்டிய இடத்தைத் தாமே அறிவார் என்பது அவர் கொள்கை. மூன்றாவது, இசை. குழந்தைகள் படத்துக்கு வின்ஸ் குவரால்டி என்னும் பியானோக் கலைஞரின் ஜாஸ் இசையை அமைத்தார்கள். நான்காவது, வேத வாசகம். கேளிக்கைப் படத்தில் அது தகுமா என்ற ஐயம் எழுந்தது. ஷுல்ஸ் அதிலும் இளகவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஐந்தாவது ஒன்று உண்டு. அதுதான் துயரம். பண்டிகை நாளில் ஒரு சிறுவன் வருந்தலாம் என்றும், அந்த வருத்தம் குற்றமன்று என்றும் அந்தப் படம் ஒப்புக்கொண்டது. நிறுவனத்தார்க்கு அப்படம் மிகவும் மெதுவாகச் செல்வதாகப் பட்டது. இது எடுபடாது என்றே அவர்கள் எண்ணினார்கள். ஆனால் ஒளிபரப்பு நாளை மாற்ற இடமில்லை. 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு அது ஒளிபரப்பாயிற்று. அந்நேரத்தில் அமெரிக்காவில் இயங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஏறத்தாழப் பாதி அதையே காட்டின. எம்மி விருதும் பீபாடி விருதும் அதனைத் தேடி வந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் அப்படம் இன்னும் பார்க்கப்படுகிறது.

உண்மையை முழுமையாகச் சொல்வதாயின் ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். பண்டிகை வாணிபமாகிவிட்டதே என்று வருந்தும் அப்படத்துக்குப் பணம் தந்தது ஒரு குளிர்பான நிறுவனம். முதல் ஒளிபரப்பில் அந்நிறுவனத்தின் பெயர் படத்தோடு சேர்ந்தே வந்தது; பின்னர் அப்பகுதி நீக்கப்பெற்றது. தொலைக்காட்சிக் கலை வாணிபத்தின் தோளில் ஏறித்தான் வருகிறது. தோளில் ஏறினாலும் தன் வாயால் தன் சொல்லைச் சொல்ல முடிந்ததா என்பதே கேள்வி. சார்லி பிரவுனின் படத்துக்கு அது முடிந்தது. எல்லாப் படங்களுக்கும் முடிந்தது என்று சொல்வதற்கில்லை.

எடுத்துக்காட்டாக, கற்கால மனிதர்களாகிய பிளிண்ட்ஸ்டோன் குடும்பத்தைப் பாருங்கள். 1960 முதல் 1966 வரை நடந்த புகழ்பெற்ற கார்ட்டூன் தொடர் அது. அக்குடும்பத்தின் கிறிஸ்துமஸ் சிறப்புப் படம் 1977-இல் வந்தது. கிறிஸ்து பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மக்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது எங்ஙனம் என்று எவரும் கேட்கவில்லை! குழந்தைகளும் பொருட்படுத்தவில்லை. அதன் கலகலப்பை நான் குறைகூறவில்லை. ஆனால் அப்படத்தில் பண்டிகை ஓர் உடையாகவே இருக்கிறது. தெரிந்த பாத்திரத்துக்குச் சிவப்புக் குல்லாய் அணிவித்தால் படம் ஆயிற்று. 1979-இல் வந்த பக்ஸ் பன்னி முயலின் கிறிஸ்துமஸ் படத்திலும் டிக்கன்ஸின் கஞ்சன் கதை வேடிக்கையாக மீண்டும் தோன்றியது. 1983-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் அதே கதையை மிக்கி எலியைக் கொண்டு குறும்படமாக எடுத்தது. அதிற் கஞ்சனாக வந்த வாத்துக்கு 1947-ஆம் ஆண்டிலேயே டிக்கன்ஸின் கஞ்சன் பெயரைத்தான் சூட்டியிருந்தார்கள். பெயரளவில் இருந்த உறவு 36 ஆண்டுகள் கழித்து நடிப்பாயிற்று. இவையெல்லாம் திறமை மிக்க படங்களே. ஆயினும் பெருநாளின் நடுவே ஒரு குழந்தையின் உண்மையான உள்ளத்தைக் காட்டிய படம் எது என்று கேட்டால், என் விரல் அந்தச் சிறு மரத்தைத்தான் சுட்டும்.

'அமெரிக்காவின் பனியும் மரமும் நமக்கு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை சொல்ல உங்களை என் வீட்டருகே உள்ள கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறேன். நான் பெசன்ட் நகரில் வாழ்பவன். எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாற்றின் முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஊரூர் ஒல்காட் குப்பம் என்பது வழக்கம். அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அமைத்தவரும், 1894-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கியவருமான கர்னல் ஒல்காட் அவர்களின் பெயரை அக்குப்பம் தாங்கியிருக்கிறது. மீனவர் வாழும் ஊர். ஒருபுறம் படகும் வலையும். மறுபுறம் மாநகரத்தின் உயர்ந்த மாளிகைகள். சிறிது தெற்கே அன்னை வேளாங்கண்ணி ஆலயம். டிசம்பர் மாதத்தில் அப்பகுதி வீடுகளில் காகித நட்சத்திர விளக்குகள் தொங்கும். அவ்விளக்குகளை ஆட்டுவது வாடைக்காற்று. நம் குழந்தைகள் அறிந்த குளிர் அவ்வளவே.

சார்லி பிரவுனின் படம் முதலில் ஒளிபரப்பான 1965-இல் சென்னையில் தொலைக்காட்சியே இல்லை. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல்தான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. 1995-இல் கார்ட்டூனுக்கென்றே ஓர் அலைவரிசை இந்தியாவுக்கு வந்தது. 2006-இல் தமிழ்நாட்டு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2007-இல் தமிழ்க் குழந்தைகளுக்கெனச் சுட்டி டி.வி. வந்தது. இவ்வாறு சில ஆண்டுகளுக்குள், உலகத்துக் கார்ட்டூன்கள் எல்லாம் தமிழ் பேசிக்கொண்டு எளிய மக்களின் இல்லங்களுக்குள்ளும் நுழைந்தன. இன்று கைப்பேசி வாயிலாக இன்னும் எளிதாக வருகின்றன. இதனை நான் வரவேற்கிறேன். ஆனால் எல்லாக் கதைகளும் வெளியிலிருந்து வருகின்றன. இங்கிருந்து எதுவும் போவதில்லையே என்ற ஏக்கமும் உண்டு.

சனிக்கிழமை மாலைகளில் குப்பத்துச் சிறுவர் சிலருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுப்பது வழக்கம். ஒரு டிசம்பரில் மடிக்கணினியில் சார்லி பிரவுனின் படத்தை அவர்களுக்குக் காட்டி, உரையாடலைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சிறிது நேரம் அமைதி. பின்னர் ஒரு சிறுவன், 'இந்தப் பசங்களுக்கு அம்மா அப்பாவே இல்லியா சார்?' என்றான். பெரியவர்கள் தோன்றாமையை அவன் உடனே கண்டுகொண்டான். இன்னொருவன், சிலுவைபோல் அறைந்த பலகையின்மேல் நின்ற சிறு மரத்தை உற்றுப் பார்த்து, 'வேரே இல்லியே சார், இது எப்படிப் பொழைக்கும்?' என்று கேட்டான். ஆண்டுதோறும் அப்படத்தைப் பார்க்கும் பெரியவர்களும் மரம் பிழைத்துவிட்டதாகவே எண்ணி மகிழ்வார்கள். வேரைத் தேடியவன் இந்தச் சிறுவன்!

மூன்றாவதாகப் பேசியவள் ஒரு சிறுமி. வகுப்பில் மிகக் குறைவாகப் பேசுபவள். சார்லி பிரவுன் தனியே நடந்து செல்லும் காட்சியில் அவள் மெதுவாகச் சொன்னாள்: 'கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்க ஆயா சோறே சாப்பிடாது சார்.' ஏன் என்று கேட்டேன். 'தெரியாது சார். கடலையே பாத்துக்கினு உக்காந்திருக்கும்' என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள்! அது எந்த நாள் என்பது நமக்குத் தெரியும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்ரா அருகே கடலடியில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டம் எல்லாவற்றினும் மிகுதியாக அழிந்தது. சென்னைக் கடற்கரைக் குப்பங்களும் தப்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் மீனவ மக்கள் கடலில் பாலூற்றி, மலர் தூவி, மாண்டோரை நினைக்கிறார்கள். அச்சிறுமி அந்நாளுக்குப் பின்னர்ப் பிறந்தவள். அவளுக்கு அந்த வரலாற்றை எவரும் சொல்லவில்லை. பாட்டியின் பட்டினியை மட்டும் பார்த்திருக்கிறாள். காரணம் அறியாத துயரம் ஒன்று பண்டிகைக்கு மறுநாள் அவள் வீட்டில் வந்து அமர்ந்துகொள்கிறது. கடல் கடந்த ஒரு கார்ட்டூன், அதைப் பற்றி வாய் திறக்க அவளுக்கு வழிசெய்தது.

இதுதான், நண்பர்களே, இப்பொருளில் நமக்குள்ள பொறுப்பு. குழந்தைகளிடமிருந்து துயரத்தை மறைத்துவிட்டால் அவர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று பெரியவர்கள் நம்புகிறோம். ஆனால் மறைத்த துயரத்தையும் குழந்தை காண்கிறது; அதற்குரிய சொல் மட்டும் அதற்குக் கிடைப்பதில்லை. சொல் கிடைக்காத துயரம் அச்சமாக மாறும். பண்டிகைக் கதை அந்தச் சொல்லைக் கொடுக்கலாம். வாராவாரம் வந்துபோகும் கதைக்கு அந்த வலிமை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வரும் கதைக்கு உண்டு. ஆறு வயதில் பார்த்தபோது சிரித்த குழந்தை, பத்து வயதில் பார்க்கும்போது ஏதோ ஒன்றை உணரும். பதினைந்தில் அதன் பொருளை அறியும். கதை மாறுவதில்லை, குழந்தை வளர்கிறது.

அத்தகைய படத்தை நாம் ஆக்க இயலாதா? இயலும். இந்தியர்க்கு இக்கலை புதிதன்று. இந்தியாவிற் பிறந்து டிஸ்னி நிறுவனத்திற் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் 1956-இல் பம்பாய்த் திரைப்படப் பிரிவுக்கு வந்து நம் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். புத்த ஜாதகக் கதை ஒன்று, ஆலமரத்து மானின் கதை, அங்கே 1957-இல் கார்ட்டூன் படமாயிற்று. 1974-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்னும் சிறு படம் ஓர் அக்காளும் குழந்தைகளும் பேசிப் பாடுவதாக அமைந்தது. தூர்தர்ஷனில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் அப்பாட்டை மறக்கவில்லை. நம் சென்னையிலும் 2000-ஆம் ஆண்டில் பெண்டாமீடியா என்னும் நிறுவனம் பாண்டவர் கதையை முழுநீளக் கணினிச் சித்திரமாக எடுத்தது. அமெரிக்கரின் கலைமானை ஜப்பானியக் கைகள் இயக்கின என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? கைத்திறன் எந்நாட்டார்க்கும் வரும். அந்தத் திறனைக்கொண்டு எவருடைய கதையைச் சொல்கிறோம் என்பதுதான் வினா.

கதைக்கும் நமக்குக் குறைவில்லை. கலை எங்கே வாழ வேண்டும் என்பதைக் குப்பமே ஒருமுறை காட்டியிருக்கிறது. 2015-இல் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியது. கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா அவர்களும், சூழலியல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் அவர்களும், குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்தியது. மயிலாப்பூர், தியாகராய நகர் அரங்குகளுக்குள் மார்கழியிற் கேட்கும் இசையும் ஆடலும், பறை முதலிய மக்கள் கலைகளும் கடற்கரையில் ஒரே மேடையில் அருகருகே அமர்ந்தன. அரங்கு தேடி மக்கள் போவதே வழக்கமாக இருக்க, மக்களைத் தேடி அரங்கு வந்தது. இனி அடுத்த படி ஒன்று உண்டு. குப்பத்துக் குழந்தைகள் பார்ப்பவராக மட்டும் இல்லாமல், சொல்பவராகவும் ஆதல் வேண்டும்.

குரலைப் பற்றி வானொலிக்காரர்களுக்கு ஒன்று தெரியும். சென்னை வானொலியில், 'வானொலி அண்ணா' என்று குழந்தைகள் அன்போடு அழைத்தவர்கள் சிறுவர் நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். ஒலிவாங்கியின் முன் குழந்தைகளே வந்து பேசினார்கள், பாடினார்கள். வீட்டில் கேட்ட குழந்தைக்கு, 'என்னைப் போன்ற ஒருத்தி அங்கே பேசுகிறாள்' என்ற பெருமிதம் உண்டாயிற்று. ஷுல்ஸும் மெலண்டெஸும் செய்தது அதுவே. நாளை நம் படம் வரும்போது அதில் வரும் மீனவச் சிறுமி, ஏட்டுத் தமிழைப் பெரியவர் குரலிற் பேசலாகாது. 'பாத்துக்கினு உக்காந்திருக்கும்' என்று தன் ஊர்ப் பேச்சையே பேச வேண்டும். இன்று நான் உங்களிடம் செந்தமிழில் பேசுகிறேன். மேடைக்கு அது தகும். அவள் பாட்டியின் துயரத்துக்கு அவள் பேச்சே தகும்.

'இதற்குப் பெருஞ்செல்வமும் பெருநிறுவனமும் வேண்டுமே' என்று தயங்காதீர்கள். கணக்குப் பார்ப்போம். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை எடுத்தால், ஒரு வினாடிக்கு 12 சித்திரங்கள் போதும். தொலைக்காட்சிக் கார்ட்டூன்கள் பலவும் இம்முறையிலேயே ஆனவை. இரண்டு நிமிடப் படத்துக்கு 1,440 சித்திரங்கள் வேண்டும். ஒரு வகுப்பில் 40 மாணவர் இருந்தால், ஒருவருக்கு 36 சித்திரங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரைந்தால் 18 நாட்களில் முடிந்துவிடும். படம் எடுக்க ஒரு கைப்பேசியும், அதனை அசையாமல் நிறுத்த நான்கு செங்கல்லும் போதும். அருகில் உள்ள ஊர்ச் சிறுவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். தடுமாறினால் தடுமாறட்டும், திருத்தாதீர்கள்.

கதை எதுவாகவும் இருக்கலாம். மார்கழி விடியலில் அலை ஓயக் காத்திருக்கும் தந்தை. நட்சத்திர விளக்குக்கு மூங்கில் சீவும் அண்ணன். பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்கையில் கிடைத்த பழைய புகைப்படம். டிசம்பர் 26-இல் சோறு உண்ணாத ஆயா. எந்தக் கதையாயினும் மூன்றை மட்டும் மறவாதீர்கள். குழந்தையின் குரல் குழந்தையுடையதாகவே இருக்கட்டும். எங்கே சிரிப்பது என்று பார்ப்பவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். துயரம் இருக்குமாயின், விளக்குகளால் அதை மூடாதீர்கள். அதன் அருகில் சிறிது நேரம் அமருங்கள்.

அச்சிறுமியிடம் அன்றே நான் ஒரு வேலை கொடுத்தேன். 'உன் ஆயாவிடம் கேட்டு வா; அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுது' என்றேன். அடுத்த வாரம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் என்ன இருந்தது என்பதை நான் இங்கே சொல்லமாட்டேன். அது அவளுடைய கதை, அவளே சொல்ல வேண்டும். அதைச் சித்திரமாக்கும் கைகள் உங்களுடையனவாக இருக்கலாம். வரும் மார்கழிக்கு இன்னும் காலம் இருக்கிறது.